கொஞ்சம் ஓதம் உண்டு

அன்புக்கும் சண்டைக்கும் சம உரிமை உள்ள என் சின்னச் சகலை கோபாலுக்கு,

வீடு வாங்கிவிட்டேன். நீ நம்பமாட்டாய். நானே சில நாள் காலையில் கண் விழித்ததும், மாடியில் வீட்டுக்காரர் நடக்கும் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று யோசிக்கிறேன். அப்புறம்தான் மாடியே கிடையாது, வீட்டுக்காரர் நான்தான் என்று ஞாபகம் வருகிறது.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமாக என்னை யாரும் "எதனால அண்ணே?" என்று கேட்பதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் காரணம் தேடியவன் நீ. ரசம் எதனால் நுரைக்கிறது, காக்காய்க்கு எதனால் கரண்ட் கம்பியில் ஷாக் அடிப்பதில்லை, மாமனார் எதனால் நம் இருவருக்கும் ஒரே நிறத்தில் தீபாவளி வேட்டி எடுக்கிறார். "முதல்ல சாப்பிடுடா" என்று உன் வாயை அடைப்பேன். அந்த வியாதி இப்போது எனக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு சுவரால்.

ஏன் வாங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாரடைப்புக்குப் பிறகு மல்லிகா சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். உன் மகள் செல்விக்கும் அதே பள்ளிக்கூடம். இருவரும் அபிராமபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் ஒற்றை அறையில் இருந்தார்கள். போன தீபாவளிக்கு வேலூரிலிருந்து அவள் அண்ணன் வந்து, "பொம்பளப் புள்ளைய வெச்சிகிட்டு தனியா எதுக்கு? ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள அங்க வந்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் வசந்தா, தங்கச்சி போய்விடுவாள் என்று ஒவ்வொரு வேளையும் உப்பு இல்லாமல் சமைத்தாள்.

எல்லாரும் ஒரே வீட்டில் இருப்போம் என்று நான் வீரமாகச் சொல்லிவிட்டேன். வாடகைக்குத் தேடினால் எல்லா வீட்டுக்காரரும் கேட்ட முதல் கேள்வி, "மொத்தம் எத்தினி பேரு?" ஐந்து பேர் என்றதும் கதவு சாத்திக்கொண்டது. ஐந்து பேருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? தெருமுனைக் கறுப்புத் தொட்டிக்கு லாரி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகவே சொந்த வீடு.

மல்லிகா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மாமா, நான் வரமாட்டேன்னு சொல்லல. செல்விக்கு இழுப்பு வராத வீடா பாருங்க. அது ஒண்ணு போதும்." உனக்குச் சொல்ல வேண்டுமா? மூச்சு இழுக்கும் குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவன் நீதானே.

மயிலாப்பூரிலிருந்து சாந்தோம் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் அந்த வீடு. பழைய வீடு, முருங்கை மரம், இரண்டு அறை, ஒரு கூடம். அந்தப் பக்கத்தில் அந்த விலைக்கு மாட்டுக் கொட்டகைகூடக் கிடைக்காது. விற்றவர் ஒரு பெரியவர், அடையாறில் மகனுடைய பிளாட்டுக்குக் குடிபோகிறவர். காபி கொடுத்து உட்காரவைத்து, அவரே ஆரம்பித்தார்.

"இத பாருங்கோ, மறைச்சுப் பேசறது எனக்குப் பழக்கம் இல்லை. இந்தாத்துல கொஞ்சம் ஓதம் உண்டு. எங்க தாத்தா நாள்லேர்ந்து இருக்கு."

நான் பாதி நாற்காலியில் பணிவாக உட்கார்ந்திருந்தேன். வேதம் ஓதுகிற குடும்பம், தாத்தா காலத்திலிருந்து ஓதுகிறார்கள், பக்கத்தில் யாரோ இன்னும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"அது நல்லதுதானே சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மார்கழில ஜாஸ்தியாயிடும். கார்த்தால எழுந்தா நன்னாத் தெரியும்."

"மார்கழியில இல்லாம வேற எப்ப சார்?"

"சிலபேர் ஒத்துக்கமாட்டா. ரெண்டு பார்ட்டி இதனாலேயே வேண்டாம்னுட்டா."

"அவங்களுக்குக் குடுத்து வைக்கல சார். எங்களுக்கு அது புண்ணியம்."

பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் தி.நகரில் எங்கள் ஜவுளிக்கடை திறந்ததும் முதலாளியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். வேதம் ஓதுகிற வீடு, மார்கழியில் அதிகமாக ஓதுவார்களாம் என்றேன். அவர் ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"வே தேவராஜு, அவர் சொன்னது ஓதமா?"

"ஆமா மொதலாளி."

"ஓதம்னா ஈரம் வே! சுவத்துல தண்ணி ஊறுதுன்னு அர்த்தம். அட்வான்ஸ் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு மொதலாளி."

"அப்ப ஓதும் வே. நல்லா ஓதும்."

அன்று முழுக்கப் பட்டுப் பிரிவில் ஒருவன் மாற்றி ஒருவன் மந்திரம் சொன்னான். பெரியவரிடம் திரும்பிப் போய், "உங்கள் தமிழ் எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒளிக்காமல் சொன்னார். புண்ணியம் என்றவன் நான். எந்த முகத்தோடு கேட்பேன்?

பத்திரம் முடிந்து, அவர் சாமான்களை எடுத்துப் போன பிறகுதான் முழுச் சுவரையும் பார்த்தோம். மேற்குப் பக்கத்து அறையில் அவருடைய பீரோ நின்ற இடம். சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்து, இடுப்பு உயரத்துக்கு ஈரம். மல்லிகா உள்ளே வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டு, செல்வியை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்போது மாசி. பள்ளிக்கூடம் திறக்க மூன்றரை மாதம். அதற்குள் சுவர் காய வேண்டும். காயாவிட்டால் வேலூர்.

மேஸ்திரி ஆறுமுகத்தைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா நைனா, ஊரே தண்ணி இல்லாம காயுது, உன் சுவரு மட்டும் குளிச்சிகினு கீது!" பிறகு, "கவலய விடு. சிமிட்டில மருந்து கலந்து கெட்டியா பூசிட்டா தண்ணிக்கு மூச்சு முட்டிடும்" என்றார். பூசினோம். பதினைந்து நாள் அழகாக இருந்தது. பதினாறாம் நாள் பூச்சுக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், ஈரம் எட்டிப் பார்த்தது. இடுப்பளவு இருந்ததைக் காசு கொடுத்து மார்பளவு ஆக்கினவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

அங்கேதான் எனக்கு உன் வியாதி பிடித்தது. குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மழை பெய்து மாதக் கணக்கு. இந்தச் சுவருக்கு மட்டும் யார் தண்ணீர் கொடுக்கிறார்கள்? எதனால?

உனக்குத் தெரியும், எனக்குப் படிப்பு வராது. ஆனால் கறை தெரியும். புடவையைத் திருப்பிக் கொண்டுவருகிற எல்லாரும் "வாங்கும்போதே கறை இருந்தது" என்றுதான் சொல்வார்கள். அது எப்படி வந்தது என்று பார்த்துச் சொல்வது இருபது வருஷமாக என் வேலை. தண்ணீர் எங்கே போய் நின்றதோ அங்கேதான் கறையின் ஓரம் அழுத்தமாக விழும். மேலே இருந்து ஒழுகினால் ஓரம் கீழே இருக்கும். முந்தானை தண்ணீரில் தொட்டுக்கொண்டு கிடந்தால் ஓரம் மேலே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரையில் உட்கார்ந்து சுவரைப் புடவையாக நினைத்துப் பார்த்தேன். ஓரம் மேலே. நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஒரு குன்று மாதிரி. ஆக, மேலே இருந்து இறங்கவில்லை. கீழே இருந்து ஏறுகிறது.

பெரிய கண்டுபிடிப்பு என்று என் மகள் உமாவிடம் சொன்னேன். அவள் பத்தாவது. "இதுக்குப் பேரு நுண்புழை ஏற்றம்ப்பா. எட்டாவதுலயே இருக்கு." எட்டாவதை நான் இரண்டு வருஷம் படித்தவன். இரண்டு வருஷமும் அந்தப் பாடத்தன்றைக்கு மட்டம் போட்டிருக்கிறேன் போல.

கடையிலிருந்து துணிக்கு அடையாளம் போடும் சாக்கட்டியைக் கொண்டுவந்து, தினம் காலையில் ஈரம் நிற்கும் உயரத்தில் ஒரு கோடு கிழித்தேன். கோடு கிழிப்பதோடு நின்றிருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா டீச்சர் வீடு. நேராகப் போய் மணி அடித்தேன்.

"டீச்சர், உங்க பாத்ரூம் தண்ணி எங்க சுவத்துக்கு வருது."

"எங்க பாத்ரூமுக்குத் தண்ணி வந்தாத்தானே சார் உங்க சுவத்துக்கு வரும்? நாங்களே ஆளுக்கு ரெண்டு மக்குல குளிக்கிறோம்."

"அந்த ரெண்டு மக்குதான்" என்றேன். மனிதன் இதைவிட அல்பமாகப் பேச முடியுமா? இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சு இல்லை. பிறகு லீவு விட்டதும் டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனார். பத்து நாள். நான் குஷியாகச் சாக்கட்டியோடு உட்கார்ந்தேன். கோடு இறங்கவில்லை, சகலை. ஒரு விரல் ஏறியிருந்தது.

வசந்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "போய் மன்னிப்புக் கேளுங்க. பூ வாங்கினு போங்க. சும்மா கையோட போனா நாயை அவுத்து வுடுவாங்க."

போனேன். பூவைக் கொடுத்து, சாக்கட்டிக் கோடு வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டீச்சர் வெடித்துச் சிரித்தார். "நான் மாதாவைப் பாக்கப் போனா நீங்க என் பாத்ரூமுக்குக் காவல் இருந்தீங்களா? வாங்க, முதல்ல அது எங்க இருக்குன்னு பாத்துட்டுப் போங்க."

பாத்ரூம் வீட்டின் நேர் எதிர்க்கோடியில் இருந்தது. நான் வெட்கத்தில் திரும்பும்போதுதான் பார்த்தேன். எங்கள் சுவரை ஒட்டி, அவர்கள் பின்கட்டில், ஒரு கிணறு. பாதிக் கிணறு. வட்டம் வளைந்து வந்து சுவரில் முட்டி அப்படியே நின்றுவிட்டது. தோசையை நடுவில் பிட்டு வைத்தது மாதிரி.

"டீச்சர், இதோட மீதி எங்க?"

"என்ன சார் கேக்கறீங்க? ஒரே கிணறு, ரெண்டு வீட்டுக்கும் பொது, நடுவுல சுவர். மீதி உங்க பக்கம்தானே இருக்கும்?"

"எங்க பக்கம் பீரோதான் டீச்சர் இருந்தது."



அடுத்த நாள் லீவு போட்டு அடையாறுக்குப் போனேன். பெரியவர் பிளாட் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். கிணறு என்றதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க தாத்தா மூடினது. பக்கத்தாத்தை டீச்சரோட பாட்டனார் வாங்கினப்போ... ஒரே கிணத்துல அவா கயிறும் நம்ம கயிறும் எப்படி எறங்கறதுன்னு கருங்கல்லைப் போட்டு மூடி, மேல ரூமைக் கட்டிட்டார். அன்னிலேர்ந்து ஓதம். நான் உங்ககிட்ட ஓதம்னு சொன்னேன். எதனாலன்னு சொல்லலை. சொல்ல வெட்கமா இருந்தது."

அவர் வெட்கத்தைச் சொன்ன பிறகு நான் என் வெட்கத்தை எப்படி மறைப்பது? ஓதத்தை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேன். அவர் முதலில் விழித்தார். பிறகு நாற்காலியே ஆடும்படி சிரித்தார். "நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஓதம் எப்படிய்யா புண்ணியம் ஆகும்னு! ஏதோ மகான் போலிருக்குன்னு ஆத்துல சொல்லிண்டிருந்தேன்." கிளம்பும்போது, "டீச்சராத்துக்கு நான் ஒரு நாள் வரட்டுமா?" என்று கேட்டார். வாருங்கள் என்றேன். இன்னும் வரவில்லை. வருவாரா என்று தெரியவில்லை.

சித்திரையில் அறைத் தரையை உடைத்தோம். ஆறுமுகம் மேஸ்திரி கடப்பாரையால் கருங்கல்லை நெம்பியபோது, உள்ளே இருந்து குளிர்ந்த காற்று எங்கள் முகத்தில் வந்து இடித்தது. எத்தனை வருஷத்துக் காற்றோ. வசந்தா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேஸ்திரி ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அணையவில்லை. கீழே தண்ணீர் மின்னியது. நடுச் சுவர் பாதி ஆழத்தோடு முடிந்து, அதற்குக் கீழே கிணறு ஒன்றாகவே இருந்தது.

அப்போது தரைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "சார்! கேக்குதா?"

மேஸ்திரி இரண்டடி பின்னால் குதித்தார். "நைனா, உள்ள யாரோ கீறாங்க!"

அந்தப் பக்கம் கிணற்றில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா டீச்சர்தான். நானும் குனிந்து, "கேக்குது டீச்சர்!" என்று கத்தினேன். குரல் தண்ணீரைத் தொட்டு அந்தப் பக்கம் ஏறியது. நீ இருந்திருந்தால் அன்றைக்கு டியூட்டிக்கே போயிருக்கமாட்டாய். என்னிடம் ஒரு கேள்வி, அவர்களிடம் ஒரு கேள்வி என்று கிணற்றின் வாயிலேயே கிடந்திருப்பாய்.

தண்ணீர் உப்பு. குடிக்கவும் குளிக்கவும் ஆகாது, துணிக்கும் பாத்திரத்துக்கும் ஆகும். தெருவே குடத்தோடு நிற்கிற கோடையில், என் வீட்டுக்குள் ஒரு ராட்டினம் கிறீச்சிட்டது. "எதையும் அரைக் கிணறுதான் தாண்டுவீங்க, இப்ப அரைக் கிணத்தையே விலைக்கு வாங்கிட்டீங்க" என்றாள் வசந்தா. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருந்தது.

சிமெண்ட் பூச்சைச் சுரண்டி எறிந்தோம். சுவர் மூச்சு விட்டு ஈரம் காற்றோடு போகட்டும் என்று சுண்ணாம்புக் காரை மட்டும் லேசாகப் பூசி, ஜன்னலைத் திறந்துவைத்தோம். கோடு இறங்கியது. மார்பிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால். வைகாசியில் கணுக்காலுக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது. காத்திருந்தேன், கெஞ்சினேன், சாக்கட்டிதான் தேய்ந்தது.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது மல்லிகா செல்வியோடு வந்தாள். சுவரில் கை வைத்தாள், கீழே குனிந்தும் வைத்துப் பார்த்தாள். பிறகு அந்த அறையிலேயே, கிணற்றைச் சுற்றிக் கட்டிய மேடைக்குத் தள்ளி, பாய் விரித்துச் செல்வியை மத்தியானம் தூங்கப் போட்டாள். நான், வசந்தா, உமா, மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து அந்தக் குழந்தையின் மூச்சைக் கேட்டோம். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"எதுக்குப் பெரியப்பா என் மூக்கையே பாக்குறீங்க?"

"கொசு வருதான்னு பாக்குறேம்மா."

"எதனால கிணறு பாதிதான் நம்மளுது?"

மல்லிகா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "முழுசா வாங்கப் பெரியப்பாவுக்கு வசதி இல்லம்மா" என்றேன். அதை நம்பித் தூங்கிப்போனாள். இரண்டு மணி நேரம். விசில் இல்லை, இழுப்பு இல்லை.

எழுந்து போகும்போது மல்லிகா சொன்னாள்: "மாமா, இப்ப கோடை. கோடையில எல்லா சுவரும் நல்ல சுவருதான். ஐப்பசி மழை வரட்டும், அப்பதான் இதோட குணம் தெரியும். அதுவரைக்கும் இருந்து பாக்குறேன்." வேலூருக்கும் அப்படியே எழுதிப் போட்டுவிட்டாள்.

வந்திருக்கிறார்கள், கோபால். செல்வி நாலாவது. தினம் ஸ்டெல்லா டீச்சர் பேத்தியோடு கிணற்று வழியாகப் பேசிக்கொள்கிறாள். ஆனால் மல்லிகா கொண்டுவந்த இரண்டு டிரங்குப் பெட்டியில் ஒன்றை இன்னும் பிரிக்கவில்லை. கயிறு கட்டியபடியே கதவோரம் இருக்கிறது. வசந்தா அதைப் பார்க்காத மாதிரி சுற்றிப் போகிறாள். நானும்.

இப்போது புரட்டாசி. சாயங்காலத்தில் கடல் பக்கம் மேகம் கூடுகிறது. ஊரே மழை வா என்று கும்பிடுகிறது. லாரி வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது நானும் கும்பிடத்தான் வேண்டும். வந்தால் கிணறு எவ்வளவு ஏறும்? கூடவே கோடு எவ்வளவு ஏறும்? எனக்குத் தெரியவில்லை. மேஸ்திரிக்கும் தெரியவில்லை. உமாவின் எட்டாவது புத்தகத்திலும் இல்லை.

தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் மழை விழுகிற அன்றைக்கு உன் மகளுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் நான் படுப்பேன். என் அகலம் உனக்குத் தெரியும், எந்த ஈரமும் தாண்டி வராது. அப்படியும் அவள் மூச்சில் ஒரு விசில் கேட்டால், அந்தப் பெட்டியை மல்லிகா தூக்க வேண்டாம். நானே தலையில் சுமந்துபோய் வேலூர் பஸ்ஸில் ஏற்றுவேன். அழுதுகொண்டேதான் ஏற்றுவேன், ஆனால் ஏற்றுவேன். வீடு வாங்கிய வீம்புக்காக உன் பிள்ளையை ஒரு மூச்சுகூடச் சிரமப்பட விடமாட்டேன்.

இப்படிக்கு,
மல்லிகாவின் அக்கா புருஷன், செல்வியின் பெரியப்பா,
உன் மூத்த சகலை
தேவராஜ்